வரைபடம் முடியும் முன்பே பறந்த விமானங்கள்

1944ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி. ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூரின் வடகரையில், செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு மேலே நான்கு எஞ்சின் விமானங்கள் வந்தன. வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து 76 விமானங்கள் கிளம்பின. அவற்றில் 53 விமானங்கள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையைக் குறிவைத்துக் குண்டு வீசின. துறையின் கதவு உடைந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதங்களுக்கு அங்கே எந்தக் கப்பலையும் பழுதுபார்க்க முடியவில்லை. விமானங்கள் போகவும் வரவுமாகப் பறந்த தூரம் ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர்.

அந்த விமானம் போயிங் பி-29. அதுவரை போரில் இறங்கிய குண்டுவீச்சு விமானங்களில் ஆகப் பெரியது. அன்று அதன் வயதைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். முதல் மாதிரி தரையைவிட்டு எழும்பி இரண்டு ஆண்டும் ஆறு வாரமும்தான் ஆகியிருந்தன.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. உற்பத்தி முறைகள் பற்றிய பாடத்தில் ஒருநாள் ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் தொழிற்சாலை எடுத்துக்காட்டாக வந்தது. திரையில் ஒரே ஒரு வரி: மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம். அடுத்த நிமிடம் விரிவுரையாளர் வேறு தலைப்புக்குப் போய்விட்டார். எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு நாற்காலியை மணிக்கு ஒன்று செய்வது புரிகிறது. 3 லட்சத்துக்கும் அதிகமான ரிவெட்டுகள் கொண்ட ஒரு விமானத்தை எப்படி? நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அந்த ஒற்றை வரி சொல்லாமல் விட்டதுதான் சுவையான பகுதி என்று தெரிந்தது.

பாடநூல்களில் 'வடிவமைப்பு' ஓர் அத்தியாயம், 'உற்பத்தி' அடுத்த அத்தியாயம். இந்த விமானங்களின் கதையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. வடிவம் முடிவாகும் முன்பே தொழிற்சாலை கட்டினார்கள். விமானம் பறந்து பார்க்கும் முன்பே நூற்றுக்கணக்கில் வாங்க உறுதி கொடுத்தார்கள். தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த பிறகும் விமானத்தைப் பிரித்து மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு விபத்தும் ஒரு பட்டியலும்

தொடக்கம் 1935. சியாட்டில் நகரில் போயிங் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் நான்கு எஞ்சின் விமானம் ஒன்றைக் கட்டியது. பிற்காலத்தில் பி-17 ஆனது அதுதான். அதைப் பார்த்த உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் பறக்கும் கோட்டை என்று எழுத, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அக்டோபர் 30ஆம் தேதி ராணுவத்தின் சோதனையின்போது அது மேலே எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. எஞ்சினில் கோளாறு இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதபடி வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். கிளம்பும் முன் அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ராணுவச் சோதனை விமானி பிளோயர் ஹில், போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவர் இருவரும் உயிரிழந்தனர்.

இவ்வளவு சிக்கலான விமானத்தை மனித நினைவை நம்பி ஓட்ட முடியாது என்ற முடிவிலிருந்துதான் விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. இன்று சாங்கியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும் அது உண்டு. ஒப்பந்தமோ டக்ளஸ் நிறுவனத்தின் இரண்டு எஞ்சின் விமானத்துக்குப் போய்விட்டது. பி-17ஐச் சோதித்துப் பார்க்க ராணுவம் வாங்கியது 13 மட்டுமே. பத்து ஆண்டுகள் கழித்து, போர் முடிந்தபோது, கட்டப்பட்ட பி-17களின் எண்ணிக்கை 12,731.

கார் செய்பவர்கள் விமானம் செய்யப் புறப்பட்டார்கள்

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் பிரான்ஸுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, அதிபர் ரூசவெல்ட் ஆண்டுக்கு 50,000 விமானங்கள் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அன்றைய அமெரிக்க விமானத் தொழில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத நிலையில் இருந்தது. விமானங்களைக் கைவினைப் பொருள்போல ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

1941 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனத்தின் உற்பத்தித் தலைவர் சார்ல்ஸ் சோரன்சன் சான் டியேகோ சென்றார். அங்கே கன்சாலிடேட்டட் நிறுவனம் பி-24 விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. சில விமானங்களைத் திறந்த வெளியில், வெயிலில் வைத்தே பொருத்தினார்கள். வெயிலில் உலோகம் விரியும், மாலையில் சுருங்கும். ஒரு விமானத்தின் பாகம் அடுத்த விமானத்துக்கு அப்படியே பொருந்தாது. பொருந்தும்வரை தொழிலாளி அரத்தால் தேய்ப்பார். சோரன்சன் அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து, முழுத் தொழிற்சாலையின் ஓட்டத்தையும் தாளில் வரைந்துவிட்டார். இலக்கு மணிக்கு ஒரு விமானம்.

டெட்ராய்ட்டுக்கு மேற்கே, வில்லோ ரன் ஓடைக்கரையில் அந்தத் தொழிற்சாலை எழுந்தது. ஆல்பர்ட் கான் அதை வடிவமைத்தார். ஒரு முனையில் அலுமினியத் தகடு உள்ளே போகும். மறுமுனையில் விமானம் ஓடுபாதைக்கு வெளியே வரும்.

ஆனால் விமானம் வரவில்லை. 1942 முடியும்போது அவர்கள் செய்து முடித்தவை 56 மட்டுமே. ஆலையின் பெயரை வைத்தே, 'அது ஓடுமா?' என்று பத்திரிகைகளும் தொழிலாளர்களும் கேலி செய்தார்கள். செனட்டர் ஹேரி ட்ரூமனின் குழு விசாரணைக்கு வந்தது.

ஏன் ஓடவில்லை என்பதைப் பொறியியல் படிப்பவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார் தொழிலில் தகட்டை வளைக்கும் அச்சுகளைக் கடினமான எஃகில் செய்வார்கள். ஒரு அச்சு செய்யப் பல வாரம் ஆகும், செலவும் அதிகம். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் லட்சக்கணக்கில் ஒரே மாதிரிப் பாகங்களை அடித்துத் தள்ளலாம். விமான நிறுவனங்கள் ரப்பர், மென்மையான உலோகம் இவற்றால் ஆன மலிவான அச்சுகளை வைத்திருந்தன. வேகம் குறைவு. ஆனால் வடிவம் மாறினால் அச்சையும் உடனே மாற்றிவிடலாம். ஃபோர்டு எஃகைத் தேர்ந்தெடுத்தது. கார் என்றால் ஒரு மாடல் குறைந்தது ஓர் ஆண்டாவது மாறாமல் இருக்கும். குண்டுவீச்சு விமானமோ போர்முனையிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் மாறியது.

ஒரு மாற்றத்தை மட்டும் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஜெர்மானியப் போர் விமானங்கள் நேருக்கு நேராக, மூக்குப் பகுதியை நோக்கிப் பாய்ந்து சுடத் தொடங்கின. பி-24இன் மூக்கில் வலுவான பாதுகாப்பு கிடையாது. மின்சக்தியில் சுழலும் துப்பாக்கிக் கூண்டு ஒன்றை அங்கே பொருத்த வேண்டியதாயிற்று. கேட்பதற்குச் சிறிய வேலை. ஆனால் அதற்கு மூக்கின் கூடு, எடைச் சமநிலை, மின்கம்பிகள், திசைகாட்டுநர் உட்காரும் இடம் எல்லாம் மாற வேண்டும். எஃகு அச்சுகள் பழைய இரும்புக்குப் போகும். இந்தக் கூண்டு பொருத்திய பி-24எச் ரகம் 1943இன் நடுப்பகுதியில் வில்லோ ரன்னிலிருந்துதான் முதலில் வெளிவந்தது.

அவர்கள் கண்டுபிடித்த வழி என் பாடத்தில் வரவே இல்லை. விமானங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தார்கள். ஒரு தொகுதி தொடங்கிவிட்டால் அது முடியும்வரை வடிவத்தில் கைவைக்கக் கூடாது. புதிய திருத்தங்கள் எல்லாம் அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கும். காத்திருக்க முடியாத திருத்தங்களுக்கு நாட்டின் வேறு பகுதிகளில் தனி மாற்றுக்கூடங்கள் இருந்தன. வில்லோ ரன்னிலிருந்து வெளிவந்த புத்தம் புதிய பி-24 நேரே போருக்குப் போகாது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகருக்குப் பறக்கும். அங்கே அதைத் திறந்து, வேண்டியதை எடுத்து, வேண்டியதை வைத்து அனுப்புவார்கள்.

செய்ததையே மறுபடி செய்வது வீண் செலவு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். வகுப்பில் அதற்கு மதிப்பெண் கழிப்பார்கள். என் கருத்தில் வில்லோ ரன்னைக் காப்பாற்றியது அந்த 'வீண் செலவு'தான். ஓர் இடத்தில் வேகம், இன்னோர் இடத்தில் திருத்தம் என்று வேலையைப் பிரித்ததால்தான் இரண்டும் நடந்தன. நீளமான ஒருங்கிணைப்பு வரிசையின் புகைப்படம்தான் புத்தகங்களில் வருகிறது. மாற்றுக்கூடத்தைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

மற்றொரு தடை ஆட்கள். வில்லோ ரன்னில் உச்சத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். கென்டக்கி போன்ற தென்பகுதி மலைகளிலிருந்து வந்தவர்களில் பலர் விமானத்தை அருகில் பார்த்ததே இல்லை. தங்க வீடில்லாமல் இழுவை வண்டிகளிலும் கூடாரங்களிலும் மிச்சிகன் குளிரைக் கழித்தனர். வேலைக்குச் சேர்ந்த வேகத்திலேயே விட்டுப் போனவர்களும் ஏராளம். தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். ரோசி என்ற பெயரில் சுவரொட்டிகளிலும் பாடலிலும் புகழ்பெற்ற ரிவெட் அடிக்கும் பெண்ணின் நிஜ முகங்களில் ஒருவரான ரோஸ் வில் மன்றோ இங்கேதான் வேலை செய்தார். இறக்கையின் குறுகலான உட்பகுதிக்குள் சென்று வேலை செய்யக் குள்ளமான உடல்வாகு கொண்டவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். வேறு எந்த ஆலையும் வேலை தராத பலருக்கு அங்கே முதன்முறையாகச் சம்பளம் கிடைத்தது.

1944இல்தான் அந்த எண்ணை எட்டினார்கள். உச்சத்தில் 63 நிமிடங்களுக்கு ஒரு விமானம். முழுமையாகச் செய்தவை, வேறு ஆலைகளில் பொருத்துவதற்காகப் பாகங்களாக அனுப்பியவை இரண்டையும் சேர்த்து வில்லோ ரன் செய்த பி-24கள் 8,685.

பந்தயம் கட்டிய விமானம்

பி-24 ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானம். பி-29இன் கதை வேறு. 1941 மே மாதத்தில் 250 விமானங்கள் வாங்க ராணுவம் உறுதி கொடுத்தது. 1942 ஜனவரியில் அது 500 ஆனது. முதல் மாதிரி பறந்தது 1942 செப்டம்பர் 21ஆம் தேதி. அதாவது ஒருவரும் ஓட்டிப் பார்க்காத ஒன்றுக்காக வாஷிங்டன், கான்சஸ், ஜார்ஜியா, நெப்ராஸ்கா மாநிலங்களில் ஆலைகள் தயாராகிக்கொண்டிருந்தன. இத்திட்டத்தின் மொத்தச் செலவு ஏறக்குறைய 300 கோடி டாலர். அணுகுண்டுத் திட்டத்துக்கு ஆனதைவிட அதிகம்.

விமானத்தில் எல்லாமே புதியவை. உயரத்தில் மூச்சுவிட வசதியாக விமானிகளின் அறைகளில் காற்றழுத்தத்தைத் தக்கவைத்தார்கள். முன்னறையிலிருந்து பின்னறைக்கு, குண்டுகள் இருக்கும் பகுதிக்கு மேலே, ஒரு குழாய் வழியாகத் தவழ்ந்து போக வேண்டும். துப்பாக்கிகளைத் தொலைவிலிருந்தே இயக்கினார்கள். குறிபார்க்கும் கணக்கை ஒரு கணிப்பொறி செய்தது. இவை எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 எஞ்சின். 2,200 குதிரைத்திறன். சிக்கலும் அங்கேதான்.

வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது. காற்றால் மட்டுமே குளிர வேண்டும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க எஞ்சினின் உறையை இறுக்கமாகச் செய்திருந்தார்கள். முன்வரிசைக்குக் காற்று கிடைத்தது. பின்வரிசைக்குச் சூடான மிச்சக் காற்றுதான். வால்வுகள் உடைந்து உள்ளே விழும், தீப்பிடிக்கும். எடையைக் குறைக்க எஞ்சினின் கூட்டில் மெக்னீசியக் கலவையைப் பயன்படுத்தியிருந்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசிய நாடா எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைத் தீ இறக்கையைத் தாங்கும் தண்டையே அறுத்துவிடும்.

1943 பிப்ரவரி 18ஆம் தேதி போயிங்கின் தலைமைச் சோதனை விமானி எட்டி ஆலன் இரண்டாவது மாதிரியை ஓட்டிச் சென்றார். எஞ்சின் தீப்பிடித்தது. ஓடுபாதைக்குத் திரும்பும் வழியில் விமானம் சியாட்டிலின் ஓர் இறைச்சித் தொழிற்சாலைமீது விழுந்தது. விமானத்தில் இருந்த 11 பேரும், ஆலைத் தொழிலாளர்கள் 20 பேரும், தீயணைப்பு வீரர் ஒருவரும் மாண்டனர். உற்பத்தி நிற்கவில்லை.

அந்த ஆண்டு முடிவில் ஏறத்தாழ 100 பி-29கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பறக்கத் தகுதியானவை சுமார் 15. 1944 மார்ச் மாதம் கான்சஸ் மாநிலத்தின் சலைனா நகருக்கு வந்து பார்த்த ஆகாயப் படைத் தளபதி ஹென்றி ஆர்னல்டு கொதித்துப்போனார். போருக்குக் கிளம்ப ஒரு விமானம்கூடத் தயாராக இல்லை. தொடர்ந்த ஐந்து வாரங்களைக் கான்சஸ் சண்டை என்றே அழைக்கிறார்கள். விச்சிட்டா ஆலையிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். கூடங்களுக்குள் விமானம் நுழையாததால் பனியிலும் காற்றிலும் வெளியே நின்று, எஞ்சின்களையும் கம்பிகளையும் மாற்றினார்கள். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் சுமார் 150 விமானங்கள் தயாராயின.

எங்கள் குழுத் திட்டங்களில் 'சீக்கிரம் செய், உடையட்டும், திருத்து' என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். எங்கள் மாதிரி உடைந்தால் போவது கொஞ்சம் பிளாஸ்டிக். ஆலனின் பெயரைப் படித்த பிறகு அந்தச் சொற்களை என்னால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. அதே நேரத்தில், முழுமையாகும்வரை காத்திருந்தால் பி-29 போர் முடிந்த பிறகுதான் வந்திருக்கும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை.

கரக்பூர் வழியாக

கான்சஸிலிருந்து கிளம்பிய விமானங்கள் வந்து சேர்ந்த இடம் இந்தியா. 1943 பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மிட்னாப்பூர் மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் ஓடுபாதைகளை அமைத்தார்கள். சுதந்திரப் போராட்டக் கைதிகளை அடைத்து வைத்த ஹிஜ்லி சிறை முகாம் அமெரிக்கர்களின் தலைமையகமானது. கரக்பூர் ஐஐடி 1951இல் தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான்.

கான்சஸின் பனியில் திருத்திய எஞ்சினை வங்காளத்தின் கோடை சோதித்தது. ஏப்ரலில், வரும் வழியிலேயே கராச்சிக்கு அருகே சில விமானங்கள் அடுத்தடுத்து விழுந்ததால் மொத்தப் பயணத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது. உறைக்குள் காற்றைத் திருப்பும் தகடுகளை மாற்றினார்கள். பின்வரிசைச் சிலிண்டர்களுக்குக் கூடுதல் எண்ணெய்க் குழாய் வைத்தார்கள். ஜூன் 5ஆம் தேதி முதல் தாக்குதல், பேங்காக்கின் ரயில் நிலையப் பகுதிமீது. கிளம்பிய 98 விமானங்களில் இலக்கை அடைந்தவை 77. ஆகஸ்ட்டில் இலங்கையின் திருகோணமலையிலிருந்து சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைக்குப் பறந்தார்கள். நவம்பரில் சிங்கப்பூர்.

1945 பிப்ரவரியில் மவுண்ட்பேட்டன் ஓர் உத்தரவிட்டார். சிங்கப்பூர், பினாங்குக் கடற்படைத் தளங்களை இனிமேல் தாக்க வேண்டாம், அவை விரைவில் நமக்கே தேவைப்படும் என்றார். பதிலுக்கு வந்த இலக்குகளில் ஒன்று கோலாலம்பூர் ரயில்வே பட்டறை. பிப்ரவரி 19, மார்ச் 10 என இரண்டு முறை செந்தூல் பட்டறையைத் தாக்கினார்கள். கட்டடங்களில் பெரும்பகுதி அழிந்தது. அந்தப் பட்டறையிலும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்புகளிலும் தமிழர்கள் நிறையப் பேர். என் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தாவும் அங்கே வேலை செய்தவர். அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருக்கும் சில செய்திகளில், அவர் கடைசிவரை விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார் என்பதும் ஒன்று. அவருக்கு பி-29 என்ற பெயர் தெரிந்திருக்குமா என்று பாட்டியிடம் கேட்டேன். "கப்பலு மாதிரி சத்தம்னுதான் சொல்லுவாரு," என்றார் பாட்டி.

இதை எழுதும்போது எனக்கு அதுதான் இடறுகிறது. எஞ்சினின் பின்வரிசைக்குக் காற்று போக வைத்த சிறு தகட்டைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். அந்தத் தகடு சரியாக வேலை செய்ததால்தான் விமானம் செந்தூல்வரை வந்தது. மரியானா தீவுகளிலிருந்து கிளம்பிய பி-29கள் 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு தோக்கியோவில் தீக்குண்டு வீசின. ஒரே இரவில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் மாண்டனர். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டு வீசிய இரண்டு விமானங்களும் நெப்ராஸ்காவின் ஓமஹா ஆலையில் செய்தவை. அந்த ஆலையின் வரிசையில் நின்றவர்களும் மற்ற ஆலைகளில் இருந்தவர்களைப் போலத்தான் ரிவெட் அடித்தார்கள், மதிய உணவுக்கு மணி அடித்தால் கலைந்தார்கள்.

வில்லோ ரன்னின் கடைசி பி-24 1945 ஜூன் மாதம் வெளிவந்தது. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான குண்டுவீச்சு விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் கிங்மன் என்ற ஊருக்கு ஓட்டிச் சென்று வரிசையாக நிறுத்தினார்கள். அங்கே எஞ்சின்களைக் கழற்றினார்கள், உடலைத் துண்டு துண்டாக வெட்டி உலையில் போட்டார்கள். உருகிய அலுமினியம் கட்டிகளாக விற்பனைக்குப் போனது.